52 வரை பொறுங்கள், ஓவர்டைமை இப்போதே விடுங்கள்

கேள்வி: எனக்கு வரும் மே மாதம் 50 வயதாகிறது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் 26 வருடமாகக் கொதிகலன் பார்க்கிறேன். அடிப்படைச் சம்பளம் 2,600 ரிங்கிட், ஓவர்டைம் 900 வரும். ஆலை குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறோம். தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) வாங்கிய சொந்த வீட்டை 450-க்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். அதன் வங்கித் தவணை 380, இன்னும் ஆறு வருடம் இருக்கிறது. மனைவிக்குத் தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் 900 கிடைக்கிறது. வீட்டுச் செலவு 2,300. பினாங்கில் படிக்கும் மகனுக்கு மாதம் 800 அனுப்புகிறேன், அவன் படிப்பு முடிய இரண்டு வருடம் ஆகும். சேமநிதியில் ஓய்வுக்காலக் கணக்கில் 158,000, செஜாதெரா கணக்கில் 41,000, ஃபிளெக்ஸிபல் கணக்கில் 4,000 உள்ளது. ஞாயிற்றுக்கிழமைகளில் தையல் மெஷின் பழுது பார்ப்பேன், மாதம் 450 கிடைக்கும். ஆலைச் சங்கு ஊதினாலே வயிற்றைக் கலக்குகிறது. 50 ஆனதும் வேலையை விட்டுவிட்டு மெஷின் வேலையையே பார்க்கலாமா? மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

பதில்:

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது கணக்கு இல்லை. மூன்றாம் பக்கத்தில் ஒரு மெஷினைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அந்த இடம்தான். ஒரு பாட்டி தன் கல்யாணத்துக்கு வந்த காலால் மிதிக்கும் சிங்கர் மெஷினைக் கொண்டுவந்தார், சக்கரம் அசையவே இல்லை, துரு. இரண்டு இரவு மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, பற்களுக்கு அடியில் கெட்டியாகிக் கிடந்த பழைய நூல் தூசியை ஊசியால் கிளறி எடுத்து, மூன்றாம் நாள் சக்கரத்தை விரலால் தொட்டதும் அது தானாகச் சுற்றியது. "அன்றைக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஆலையில் நின்றுவிட்டு வந்தவன், எனக்குக் களைப்பே தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். இதை எழுதிய கை ஓய்வு கேட்கும் கை இல்லை, அண்ணே. நீங்கள் கேட்பது வேறு.

சேமநிதிக் கணக்கை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வருபவர்கள் பலரும் "எப்போது ஓய்வு பெறலாம்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அரை மணி நேரம் பேசினால் சிலருக்கு உண்மையிலேயே உடம்பு முடியவில்லை என்று தெரியும். அவர்களுக்குச் சொல்ல வேண்டிய பதில் வேறு. மற்றவர்களுக்கு வேலை செய்வதில் வெறுப்பு இல்லை. தங்கள் நேரம் தங்கள் கையில் இல்லை என்பதுதான் அவர்களைத் தின்கிறது. நீங்கள் அந்த இரண்டாவது வகை.

நானும் தோட்டத்துப் பிள்ளைதான். அம்மாவுக்கு ரப்பர் மரத்தில் பால்வெட்டு. விடிவதற்கு முன்பே நிரைக்குப் போய்விடுவார், வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால். பட்டையை மெல்லிய தோலாகச் சீவ வேண்டும். ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், அந்த இடத்தில் அப்புறம் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பல வருடத்துக்கு உளி ஓடாது. மேலோட்டமாக வெட்டினால் பால் வராது. நடுவில் இருப்பது ஒரு நூல் அளவு. அம்மா வெட்டிய மரத்தில் காயம் பார்க்க முடியாது, அது அவருடைய பெருமை. ஆனால் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடுவதையும், நிறுவைக்கு நிற்கும்போது வாங்கும் பேச்சையும் அம்மா ஒரு நாளும் அன்போடு சொல்லிக் கேட்டதில்லை. ஓய்வு பெற்று நாங்கள் தாமானுக்கு வந்த பிறகு, அந்த உளியைச் செய்தித்தாளில் சுற்றி அடுக்களை மேல்தட்டில் வைத்திருந்தார். வெட்டுவதற்கு ஒரு மரமும் இல்லாத வீட்டில், மாதம் ஒரு தடவை அதை எடுத்துக் கல்லில் தீட்டுவார். தீட்டிப் பெருவிரல் நகத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி சுற்றி வைப்பார்.

தொழில் வேறு, வேலைக்காடு வேறு என்று எனக்குப் புரியவைத்தது அந்த உளிதான். இரண்டும் ஒரே காலையில், ஒரே ஆளுக்குள்ளேயே இருந்தன. அதனால் "ஆலை வேலை வெறும் பிழைப்பு, மெஷின் வேலைதான் மனசுக்குப் பிடித்தது" என்று நீங்கள் பிரித்ததை அப்படியே ஒத்துக்கொள்ள எனக்குத் தயக்கம். அதே கடிதத்தில், நாரும் ஓடும் சரியாக எரியாமல் நீராவி இறங்கும்போது மீட்டரைப் பார்க்கும் முன்பே சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதை எழுதும்போது உங்களுக்குள் ஒரு பெருமை இருந்தது, எனக்குத் தெரிகிறது. தையல் விட்டுப்போகும் மெஷினின் சத்தத்தைக் கேட்டே குற்றம் ஊசியிலா, பாபினிலா என்று சொல்வதும் அதே காதுதான். உங்களுக்குப் பிடிக்காமல் போனது கொதிகலன் இல்லை. குலை வரத்து அதிகமான மாதங்களில் ஷிப்டு முடிந்தும் வீட்டுக்கு வர முடியாமல் நிற்பதும், ஞாயிற்றுக்கிழமையும் சங்குக்குக் காது கொடுப்பதும்தான். பறித்த குலை கிடக்கக் கிடக்க எண்ணெய் கெடும், அதனால் ஆலை காத்திருக்காது. ஆனால் அந்த அவசரம் முழுவதையும் உங்கள் ஒருவர் முதுகில் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பதில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், மனைவியையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு.

முதலில் வீடு. தோட்டத்து ஆட்களுக்கு மற்ற ஊழியர்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. வேலையை விடும் நாள்தான் வீட்டை விடும் நாளும். நம் பெரியவர்கள் இதை அனுபவித்தவர்கள். தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில் வேலையும் லயத்து வீடும் ஒன்றாகப் பறிபோயின. அந்தத் துயரத்துக்குப் பதிலாகத்தான், உங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் வீ.தி.சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களே காசு சேர்த்துத் தோட்டம் வாங்கினார்கள். நீங்கள் தாமானில் ஒரு வீடு வாங்கி வைத்திருக்கிறீர்கள், அது பெரிய தைரியம். ஆனால் குவார்ட்டர்ஸை விட்டு அங்கே குடிபோனதும் 450 வாடகை நின்றுவிடும். இதுவரை வாடகையே கட்டிவந்த 380 தவணையை இனி உங்கள் பையிலிருந்து கட்ட வேண்டும். தண்ணீர், மின்சாரத்துக்கு 150 என்று வையுங்கள். ஆக, மாதம் 2,300-இல் முடிந்த குடும்பத்துக்கு 2,830 தேவைப்படும். மனைவியின் 900-ஐக் கழித்தால் துண்டு விழுவது 1,930. மகன் படிப்பு முடியும் வரை அதனுடன் 800 சேரும், 2,730.

50 வயதில் நீங்கள் தொடக்கூடியது செஜாதெரா 41,000-உம் ஃபிளெக்ஸிபல் 4,000-உம் மட்டும்தான். ஓய்வுக்காலக் கணக்கில் இருக்கும் 158,000 உங்கள் பணம்தான் என்றாலும் 55 வரை அதை எடுக்க முடியாது. 45,000-ஐ வைத்துக்கொண்டு 60 மாதம் ஓட்ட வேண்டும். இப்போது வரும் 450-ஐச் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் இருபதாவது மாதம் கை காலியாகிவிடும். மகன் பட்டம் வாங்கும் முன்பே. ஐந்து வருடத்தையும் கடக்க வேண்டுமானால் மெஷின் வேலையில் மாதம் 1,500 வந்தாக வேண்டும், ஒரு மாதம்கூடத் தவறாமல்.

இதையே 52-க்குத் தள்ளிப் பாருங்கள். மகன் படிப்பு முடிந்திருக்கும், 800 நின்றுவிடும். இரண்டு வருடச் சந்தா, லாப ஈவு எல்லாம் சேர்ந்து செஜாதெராவும் ஃபிளெக்ஸிபலுமாக ஏறக்குறைய 53,000 இருக்கும். (ஆண்டுக்கு 5 சதவீதம் என்று குறைத்தே போட்டிருக்கிறேன். 2023-இல் சேமநிதி வாரியம் 5.50, 2024-இல் 6.30 சதவீதம் கொடுத்தது. சட்டப்படி உறுதி 2.5 மட்டும்தான், அதனால் நல்ல வருடத்தை நம்பிக் கணக்குப் போடக் கூடாது.) கடக்க வேண்டியது 36 மாதம். இப்போது மெஷின் வேலையில் மாதம் 460 வந்தால் கணக்கு ஒட்டிவிடும். கிட்டத்தட்ட இன்றைக்கே உங்களுக்கு வரும் காசு! ஆனாலும் பள்ளி விடுமுறையில் சிற்றுண்டிச்சாலை மூடிக் கிடக்கும், விலைவாசி ஏறும், பல்வலி வரும், கல்யாணத்துக்கு மொய் வைக்க வேண்டும். 800 என்று இலக்கு வையுங்கள்.

1,500 எங்கே, 800 எங்கே. இரண்டே வருடத்தில் இவ்வளவு வித்தியாசம்.

இதற்கும் ஒரு விலை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். 55 வரை ஆலையிலேயே இருந்து எதையும் எடுக்காமல் விட்டால், அன்றைக்குச் சேமநிதி மொத்தம் 3 லட்சம் ரிங்கிட் அளவில் நிற்கும். 52-இல் விலகி, நான் சொன்னபடி செலவு செய்தால் 215,000 இருக்கும். சுமார் 85,000 குறையும். தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 2013 ஜூலையிலிருந்து 60. அதுவரை நின்றால் வித்தியாசம் இன்னும் பெரிது. வாரியம் பல வருடமாக 55 வயதுக்கு அடிப்படைச் சேமிப்பு என்று சொல்லிவந்தது 240,000, அதற்கும் கீழேதான் நீங்கள் இருப்பீர்கள். அதனால் 55-இல் பணம் கைக்கு எட்டியதும் மொத்தமாக எடுத்துவிடாதீர்கள். கணக்கிலேயே விட்டுவையுங்கள், ஈவு தொடர்ந்து வரும். 5 சதவீதத்தில் 215,000-க்கு வருடம் 10,000 ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கும். அதையும் மெஷின் காசையும் வைத்துக் குடும்பம் நடக்கும். வசதியாக என்று சொல்லமாட்டேன். நடக்கும்.

85,000 கொடுத்து மூன்று வருடத்தை வாங்குவது தப்பா என்று கேட்டால், தப்பில்லை என்பேன். ஆனால் அதை நீங்கள் தனியாக முடிவு செய்வது தப்பு. அந்தப் பணத்தில் பாதி, அண்ணி விடியற்காலை எழுந்து உங்களுக்குக் கட்டிக் கொடுத்த சோற்றில் வந்தது. நீங்கள் விலகிய பிறகு அவருடைய 900-தான் வீட்டின் ஒரே நிலையான சம்பளம். அவரும் இந்த வருடம் களைத்துப்போயிருக்கலாம், அவருக்கும் ஒரு கணக்கு மனசில் ஓடிக்கொண்டிருக்கலாம். "பயந்துவிடுவாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். இருபது வருடம் ஷிப்டுக்காரன் வீட்டை நடத்தியவர் அவ்வளவு சுலபமாகப் பயந்துவிட மாட்டார். முடிவாகச் சொல்லாதீர்கள், கேள்வியாகச் சொல்லுங்கள். அப்படிக் கேட்டால் உங்களைவிட நல்ல யோசனைகூட அவரிடமிருந்து வரலாம்.

இப்போது தலைப்பில் சொன்ன ஓவர்டைம்.

"ஓவர்டைம் இல்லாவிட்டால் குடும்பம் நடக்காது" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கொடுத்த எண்களை மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். சேமநிதியும் பெர்கேசோவும் (சமூகப் பாதுகாப்புச் சந்தா) பிடித்தது போக உங்கள் அடிப்படைச் சம்பளத்தில் கைக்கு வருவது ஏறக்குறைய 2,295. மனைவியின் 900 சேர்த்தால் 3,195. வீட்டுச் செலவும் மகனுக்கு அனுப்புவதும் சேர்த்து 3,100. மெஷின் 450 தனியாக இருக்கிறது. ஓவர்டைம் இல்லாமலே மாதம் கழிகிறது, அண்ணே. அந்த ஓவர்டைம் 900 எங்கே போகிறது என்று நீங்களே உட்கார்ந்து பாருங்கள், நான் ஊகிக்க விரும்பவில்லை.

இன்னொரு விஷயம், நம் ஆட்களில் பலருக்குத் தெரியாதது: ஓவர்டைம் காசுக்குச் சேமநிதி பிடிப்பதில்லை. முதலாளியின் 13 சதவீதமும் அதற்குக் கிடையாது. அதனால் ஓவர்டைமை விட்டால் உங்கள் ஓய்வுக்காலப் பணத்தில் ஒரு காசு குறையாது. 2,600 சம்பளத்துக்கு ஒரு மணி நேர ஓவர்டைம் 18 ரிங்கிட் 75 காசு. 900-க்கு 48 மணி நேரம், அதாவது மாதத்துக்கு ஆறு முழு வேலை நாள். நீங்கள் ஏங்குவது இந்த ஆறு நாளுக்குத்தான் என்று நான் நினைக்கிறேன். அது 50 வயது வரை காத்திருக்க வேண்டிய விஷயமே இல்லை. விபத்து, அவசரப் பழுது போன்ற சில நேரங்களைத் தவிர ஓவர்டைம் செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. மேனேஜரிடம் சண்டையாகப் போகாதீர்கள். தொழிற்சங்கச் செயலாளரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, உங்கள் கீழ் இருக்கும் பையன் ஒருவனுக்கு அந்த நேரத்தைக் கொடுக்கச் சொல்லிப் பாருங்கள். அவன் சந்தோஷமாக எடுத்துக்கொள்வான்.

கிடைக்கும் ஆறு நாளை மெஷினுக்குக் கொடுங்கள். ஆறு மாதம். இதில் இரண்டைக் கவனிக்க வேண்டும். ஒன்று, காசு. தீபாவளிக்கு முன்னால் தையல்காரர்கள் வரிசையில் நிற்பார்கள், அந்த மாதத்தை வைத்துக் கனவு காணாதீர்கள். பண்டிகை இல்லாத சும்மா மாதங்களில் என்ன வருகிறது என்று பாருங்கள். சுங்கை சிப்புட்டில் மட்டும் அவ்வளவு மெஷின் இருக்குமா, ஈப்போ வரை போக வேண்டுமா என்பதும் அப்போது தெரிந்துவிடும். தையல் கடைகளில் மாதச் சந்தாபோலப் பேசி, எண்ணெய் போட்டுப் பார்த்துக் கொடுக்கும் வேலை பிடிக்க முடிந்தால் 800 தூரமில்லை.

இன்னொன்று காசைவிட முக்கியம். இப்போது உங்களுக்குப் பிடித்த மெஷினை மட்டும் தொடுகிறீர்கள். பிளாஸ்டிக் பற்சக்கரம் உடைந்த மலிவு மெஷின் வந்தால் "இது சரிவராதும்மா" என்று திருப்பி அனுப்பிவிடுகிறீர்கள், நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இதையே நம்பிச் சாப்பிட ஆரம்பித்தால் அதையும் வாங்கி வைக்க வேண்டும். நாளைக்கே வேண்டும் என்று போன் அடிப்பார்கள், கூலியில் பத்து ரிங்கிட் குறைக்கச் சொல்வார்கள், சிலர் மெஷினை எடுத்துக்கொண்டு "சம்பளம் வந்ததும் தருகிறேன்" என்று போவார்கள். ஆலைச் சங்கு போய் போன் மணி வந்து உட்காரும். நம் பெரியவர்கள் செய்யும் தொழிலே தெய்வம் என்றார்கள். தெய்வத்துக்கும் தினமும் விளக்கேற்ற வேண்டும், மனசில்லாத நாளிலும். அந்த நாட்களிலும் உங்களுக்குப் பெட்டியைத் திறக்கத் தோன்றுகிறதா என்பதை ஆறு மாதத்தில் கண்டுபிடித்துவிடலாம். குவார்ட்டர்ஸும் சம்பளமும் கையில் இருக்கும்போதே கண்டுபிடிப்பது புத்திசாலித்தனம்.

இதில் தோற்றால்? தோற்றால் ஒன்றும் குடிமுழுகாது. ஆலையில் தொடர்கிறீர்கள், ஓவர்டைம் இல்லாமல், ஞாயிற்றுக்கிழமை உங்களுடையதாக.

சில சின்ன விஷயங்கள். ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன், நீண்டகாலம் உழைத்தவர்களுக்கு உங்கள் கூட்டு ஒப்பந்தத்தில் ஏதாவது தொகை இருக்கிறதா என்று சங்கத்தில் கேட்டுவிடுங்கள். நீங்களாக விலகினால் ஆட்குறைப்பு இழப்பீடு கிடைக்காது. ஆலையில் ஆள் குறைக்கும் பேச்சு காதில் விழுந்தால் அவசரப்பட்டுக் கடிதம் கொடுத்துவிட வேண்டாம். விலகிய பிறகு, சொந்தத் தொழில் செய்பவராகப் பெர்கேசோவில் பதிந்துகொள்ளுங்கள், கையில் இயந்திரத்தோடு வேலை செய்பவருக்கு அது அவசியம். சேமநிதியில் சொந்தத் தொழில் செய்பவர்களுக்கான ஐ-சாரான் திட்டத்தில் சேர்ந்து மாதம் ஐம்பதோ நூறோ போடுங்கள். நீங்கள் போடுவதற்கு மேல் அரசும் ஆண்டுக்கு 500 ரிங்கிட் வரை சேர்க்கிறது. செஜாதெராவை 50 ஆன மறுநாளே எடுக்காதீர்கள். கடை போட வேண்டும், வேன் வாங்க வேண்டும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். உங்கள் தொழிலுக்கு ஒரு மேசையும் நல்ல வெளிச்சமும் போதும்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு வரி: என்ன பழுது, எவ்வளவு நேரம், எவ்வளவு காசு, காசு எப்போது கைக்கு வந்தது. கடைசிக் கட்டத்தில், அதே ஆள் அடுத்த வாரமும் வந்தால் வாங்குவீர்களா மாட்டீர்களா என்று ஒரே ஒரு எழுத்து, வா அல்லது மா. அண்ணியையே எழுதச் சொல்லுங்கள், உங்கள் முகத்தைப் பார்த்து அவர் சரியாக எழுதுவார். ஆறு மாதம் ஆனதும் அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புங்கள். 52-க்கான கணக்கை உங்கள் சொந்த எண்களை வைத்து மறுபடி போட்டுத் தருகிறேன்.